லைலா கொடுத்த குதிரை

பொறாமைப்படுவதில் நான் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரியின் பென்சில் பெட்டி, நர்சிங் காலேஜில் ரூம்மேட்டின் தலைமுடி, தங்கச்சிக்கு அமைந்த மாப்பிள்ளையின் உயரம் என்று எதையும் நான் விட்டுவைத்ததில்லை. இதெல்லாம் ஊரில் எல்லாரும் படுகிற பொறாமைதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு குதிரையைப் பார்த்து வயிறு எரிந்தவள் எங்கள் குடும்பத்திலேயே நான் ஒருத்திதான். அதுவும் புல் தின்னாத, லத்தி போடாத, டிவிக்குள் மட்டுமே ஓடுகிற குதிரை.

நான் துபாய்க்கு அந்தப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வீட்டுக்காரர் செல்வின் அப்போது சவூதியில், யான்புவில், ஒரு ரிஃபைனரியில் டெக்னீஷியன். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஒன்றாக இருந்தோம். அதற்குப் பிறகு அவர் அங்கே செங்கடலைப் பார்த்துக்கொண்டு, நான் இங்கே இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு. எனக்கு லீவு கிடைத்தால் அவருடைய ஆலையில் ஷட்டவுன் வந்துவிடும் (ஆலையை நிறுத்தி எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிற காலம், அப்போது லீவு என்று வாயைத் திறந்தாலே ஃபோர்மேன் முறைப்பாராம்). அவருக்கு லீவு கிடைத்தால் எங்கள் வார்டில் இரண்டு பேர் பிரசவத்துக்குப் போயிருப்பார்கள்.

இதில் என் பொறாமைக்கு தினமும் ஒரு வேளைச் சாப்பாடு ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடைத்தது. டியூட்டி முடிகிற நேரத்தில் புருஷன்மார் காரை வரிசையாக நிறுத்திக் காத்திருப்பார்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கும். ஒருத்தர் கையில் ஏலக்காய் மணக்கிற கரக் சாயா வேறு. மனைவி வந்து ஏறியதும் கதவு சாத்தப்படுகிற அந்த 'டப்' சத்தம் இருக்கிறதே, அது நேராக என் நெஞ்சில் விழும். நான் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, எந்தக் காருக்கு டயர் பஞ்சரானால் நல்லது என்று கணக்குப் போடுவேன்.

போனிலாவது ஆசைதீரப் பேசலாம் என்றால், ஊரே சும்மா பேசுகிற ஆப் எதுவும் இங்கே பேச்சுக்கு உதவாது. மெசேஜ் போகும், கால் போகாது, அரசாங்கத் தடை. அப்போதுதான் செல்வின் ஒரு வழி சொன்னார். அவருடைய கேம்ப்பில் தமிழ்ப் பையன்கள் ஒரு பெரிய கேம் ஆடுகிறார்களாம். ஒரு முழு ராஜ்ஜியமே உள்ளே இருக்கிறதாம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் ஆடுகிறவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாமாம்.

"நமக்கு ஆடத் தெரியாட்டா என்ன, உள்ள போயி ஒரு ஓரமா உக்காந்து பேசுவோம்" என்றார்.

நான் ஒருநாள் டியூட்டிக்கு முன்னால் பஜாரில் ஒரு மொபைல் கடைக்கு ஓடி, டிவியில் மாட்டி ஆடுகிற பழைய கேம் செட் ஒன்றை வாங்கினேன். கடைக்காரப் பாய் எல்லாவற்றையும் தானே செட் பண்ணித் தந்தார். ஆன்லைனில் ஆட வருஷச் சந்தா உண்டு என்றார், கார்டை நீட்டினேன். என்னென்னவோ கேட்டார். எனக்கோ பஸ் போய்விடும் என்கிற பதற்றம். "குச் பீ டாலோ பாய், ஜல்தி! டியூட்டி, டியூட்டி!" என்று இந்தியில் குதித்தேன். எதையாவது போடுங்கள், சீக்கிரம் என்று அர்த்தம். பாவம், அவரும் எதையோ போட்டு முடித்து, பாஸ்வேர்டை மட்டும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

அப்படித்தான் எங்களுக்கு ஒரு குடித்தனம் அமைந்தது. கேமுக்குள் கடற்கரையில் ஒரு ஓட்டு வீடு. அவர் பெயர் செல்வின் ராஜா, தலைக்கு மேலே பச்சை எழுத்தில் மிதக்கும். என் பெயர் ஸ்டெல்லாம்மா. அவர் வேட்டைக்குப் போவார், நான் மீன் பிடிப்பேன். (எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்கப் போட்டில் போய்ப் பிடித்ததைவிட நான் சோபாவில் உட்கார்ந்து பிடித்தது அதிகம்.) உலகத்தில் எல்லாப் புருஷன் பெண்டாட்டியும் சண்டை போடுகிற விஷயங்களுக்கெல்லாம் நாங்களும் அங்கே சண்டை போட்டோம். திண்டுக்கல் பூட்டு மாதிரி ஒரு பூட்டு வாங்கி வாசலில் போட்டோம். எனக்கு அந்த வீடு நிஜமாகவே பிடித்துப்போய்விட்டது.

ஆனால் அந்த ராஜ்ஜியத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு கடை. தங்கக் கவசம், பட்டுச் சால்வை, மினுமினுக்கிற வாள், எல்லாம் நிஜக் காசுக்கு. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கேம வாங்கும்போதே முழு வெலையையும் வாங்கிட்டான், வருசச் சந்தாவும் வாங்கிட்டான். இதுக்கு மேலயும் கடையா? கல்யாணத்துக்குப் போயி மொய் எழுதிட்டு பந்தில உக்காந்தா, பாயாசத்துக்குத் தனி ரேட்டு சொல்லுத மாதிரில்லா இருக்கு!" என்று நான் ஹெட்செட்டில் முழங்குவேன். யான்புக் கூட்டம் கைதட்டும்.

எல்லாரும் கைதட்டினார்களே தவிர, எல்லாரும் என் கட்சியில்லை. ராமநாதபுரத்து முத்துப்பாண்டிக்கு அதிர்ஷ்டப் பெட்டி என்றால் உயிர். காசு கட்டித் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. அவனுக்கு எப்போது திறந்தாலும் தொப்பிதான் வந்தது. "அடுத்த பெட்டில வாளு வந்துரும்க்கா, மனசு சொல்லுது" என்பான். இவர்களுடைய ஃபோர்மேன் ராஜமாணிக்கம் சார், தஞ்சாவூர்க்காரர், வேறு ரகம். "ஜெயிக்கறதுக்குக் காசு குடுத்தாத்தாம்மா தப்பு. அழகுக்குக் குடுத்தா என்ன? நாள் முழுக்க ஓவரால் போட்டுக்கிட்டுத் திரியிறேன். இங்கயாவது நாலு நல்ல துணி போட்டுக்கறேனே" என்பார். அவருடைய வீரன் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீண்ட சால்வை போட்டிருந்தான். காற்றடித்தால் பறக்கும். நான் கொள்கை பேசிக்கொண்டே அந்தச் சால்வையை ஓரக்கண்ணால் பார்ப்பேன். எரிச்சல் தாங்காது.

அதனால் நானும் செல்வினும் எங்கள் கேம் வீட்டு வாசலில் நின்று ஒரு சத்தியம் செய்தோம். உள்ளே ஒரு பைசாகூடச் செலவழிப்பதில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவர் லீவு போட்டு ராஸ் அல் கைமாவுக்கு வருவது, வந்த இடத்தில் இங்கேயே ஒரு வேலை பார்ப்பது, காசெல்லாம் அதற்கு. கல்யாணமானதிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ்கூட நாங்கள் ஒரே ஊரில் கொண்டாடியதில்லை. லீவுப் பேப்பர் ராஜமாணிக்கம் சாரின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. எனக்கு இரவும் பகலும் அதே நினைப்புத்தான்.

சத்தியப்படி நான் நேர்மையாக உழைத்தேன். வாரக்கணக்கில் புல் அறுத்து, மீன் விற்று, ஒரு குதிரை வாங்கினேன். எலும்பும் தோலுமாகப் பழுப்பு நிறத்தில் இருந்தது. கருவாடு என்று பெயர் வைத்தேன். ஓடினால் இருமும். இருந்தாலும் சொந்தச் சம்பாத்தியம்.

கேம்க்காரன் சும்மா விடுவானா? விளம்பரம் விளம்பரமாக வந்து திரையை மறைக்கும். சலுகை, பண்டிகைச் சலுகை, உங்களுக்கு மட்டும் சலுகை. பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்த்துவிட்டுக் காலைத் தூக்கி மேலே போட்டிருக்கிறவளுக்கு அதையெல்லாம் படிக்க ஏது பொறுமை? பட்டனைத் தடதடவென்று அமுக்கித் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.

அப்படி ஒருநாள் டியூட்டி முடிந்து உள்ளே போகிறேன், எங்கள் வீட்டு வாசலில் வெள்ளைவெளேரென்று ஒரு குதிரை நிற்கிறது. தங்க நிறப் பிடரி. கால் வைக்கிற இடமெல்லாம் நெருப்புப் பொறி. கடையில் மேல் தட்டில் வைத்திருப்பார்களே, விலையைப் பார்த்து "யாருல இத வாங்குவான்" என்று நாங்கள் சேர்ந்து சிரித்தோமே, அதே குதிரை. அதன்மேல் என் வீட்டுக்காரர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, என்னது இது?"

"குதிரை."

"அது தெரியுது. ஏது?"

"கிஃப்ட்டு வந்துச்சு."

"யாரு குடுத்தா?"

அவர் சிரித்தார். அப்படியொரு குழைந்த சிரிப்பை நான் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. "ஒனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சா எதுக்குக் கேக்கேன்?"

"சரி, தெரியாத மாதிரியே இரு. எம்மேல உசுரா இருக்க ஒருத்தி குடுத்தா. போதுமா?"

பின்னாலிருந்து முத்துப்பாண்டி, "அண்ணே, நீங்க குடுத்து வச்ச ஆளுண்ணே!" என்று கத்தினான். ராஜமாணிக்கம் சார் வேறு, "வாங்குனா இப்படி ஒரு கையால வாங்கணும்யா" என்றார். எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். என் காது ஹெட்செட்டுக்குள் வெந்துபோயிற்று. நெட்டு சரியில்லை என்று சொல்லிக் கட் பண்ணினேன்.

மறுநாள் அவர் இல்லாத நேரத்தில் உள்ளே போய்க் குதிரையின் மேல் அம்புக்குறியை வைத்தேன். எல்லா விவரமும் வந்தது. கடைசி வரியில் ஆங்கிலத்தில், பரிசளித்தவர்: வெல்வெட் லைலா.

லைலாவாம். அதிலும் வெல்வெட்டாம்!

ஃபிளாட்டில் என்னோடு இருந்தவள் கிரேஸ் அக்கா, நாகர்கோவில்காரி, என்னைவிட சீனியர் நர்ஸ். ஐசியூவில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் டாக்டரே கேட்பார். அவளிடம் போய் அழுதேன். அவள் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தபடி முழுக்கக் கேட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கட்டா பிள்ளே? நீ அவனுக்கு இதுவரைக்கும் என்ன வாங்கிக் குடுத்திருக்க?"

"சத்தியம் பண்ணிருக்கோம்லாக்கா, ஒண்ணும் வாங்கக் கூடாதுன்னு."

"நீ சத்தியத்தக் குடுத்த, அவ குதிரையக் குடுத்தா. ஆம்பள எது மேல ஏறுவான்?"

ஆறுதல் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வாள். அன்று நான் சோறு தின்னவில்லை. (இரண்டு மணி நேரம் கழித்து சிப்ஸ் பாக்கெட்டை நான்தான் காலி செய்தேன்.)

அடுத்த சில நாட்கள் செல்வினின் பேச்சே மாறிவிட்டது. பாட்டு வருகிறது, கொஞ்சல் வருகிறது. "சாப்பிட்டியா" என்பதையே மூன்று விதமாகக் கேட்கிறார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டேன்.

"யாரு அந்த லைலா?"

"அவளா? நல்ல பிள்ள. கொஞ்சம் கோவக்காரி. ஆனா மனசு தங்கம்."

"எங்க இருக்கா?"

"ஒங்க ராஸ் அல் கைமாலதான்."

"என்ன வேல பாக்கா?"

"நர்ஸுதான்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இவ்வளவு சொன்ன பிறகுமா உனக்கு விளங்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். விளங்கவில்லையே! பொறாமை தலைக்கேறினவளுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது என்பதற்கு நானே சாட்சி. அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு அது திமிராகத்தான் பட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒருத்தி, அதுவும் நர்ஸ், என் கண்ணுக்கு முன்னாலேயே நடமாடிக்கொண்டு என் புருஷனுக்குக் குதிரை அனுப்புகிறாள்! எக்ஸ்ரே பிரிவில் லைலா என்று ஒரு பெண் இருந்தாள். அவள் நர்ஸும் இல்லை, கேமும் ஆடுகிறவள் இல்லை, இன்னும் இரண்டு வருஷத்தில் ரிட்டையர் ஆகப்போகிறவள். அவளை ஒரு வாரம் முறைத்தேன். அவள் என்னவோ எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்து, தன் டப்பாவிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து நீட்டினாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவருக்கு ஓய்வு நாள், எனக்கு ஆஃப். கேமில் எல்லாரும் கூடியிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் செல்வின், "ரூம்ல பிரியாணி எறக்கிட்டாங்க. தின்னுட்டு வாரோம், இங்கனயே இரி" என்றார். ஒவ்வொருத்தராகப் போனார்கள். ராஜாக்கள் எல்லாம் எங்கள் வீட்டு முற்றத்தில் அசையாமல் நின்றார்கள். கொட்டகையில் அந்த வெள்ளைக் குதிரை. கேம் விதிப்படி ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவர் குதிரையை மற்றவர் கூட்டிக்கொண்டு போகலாம்.

எனக்குள் ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை.

முதலில் வாளை எடுத்து ஒரு போடு போட்டேன். குதிரை திரும்பிப் பார்த்தது. மறுபடி போட்டேன். அதன் பிடரி இன்னும் கொஞ்சம் மினுங்கியது. விஷக்காளான் வைத்தேன். தின்றுவிட்டு ஏப்பம் விட்டது. மலை உச்சிக்கு ஓட்டிப்போய்த் தள்ளினேன், கீழே போய்ப் பூப்போல இறங்கி நின்றது. சரி, கடைசி வழி கடல்தான் என்று முடிவு செய்தேன். ஆனால் தானாக அது தண்ணீரில் இறங்கவில்லை. குதிரைகள் முன்னால் போகிற குதிரையின் பின்னாலேயே வரும் என்று எப்போதோ செல்வின் சொன்ன ஞாபகம். கருவாட்டின் மேல் ஏறினேன்.

"வா மக்கா, கொஞ்ச தூரந்தான். அந்த மினுக்கியக் கொண்டுபோயி முக்கிட்டு நாம திரும்பிருவோம்."

கருவாடு இருமிக்கொண்டே இறங்கியது. வெள்ளைக் குதிரை பின்னால் வந்தது. முட்டளவு, இடுப்பளவு, கழுத்தளவு. நான் திரும்பிப் பார்க்கிறேன், வெள்ளைக் குதிரை தண்ணீருக்கு மேலே நடந்து வருகிறது! கால்பட்ட இடமெல்லாம் அலை நெருப்பாக மின்னுகிறது. இந்தப் பக்கம் கருவாட்டைச் சுற்றி நுரை நுரையாக வந்தது. கருவாடு என்னைப் பார்த்து ஒரு தடவை இருமிவிட்டு உள்ளே போய்விட்டது.

திரையில் எழுத்து வந்தது. உங்கள் குதிரை இறந்துவிட்டது. புதிய குதிரைக்குக் கடையைப் பாருங்கள்.

நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து கிரேஸ் அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"கருவாடு போச்சுக்கா! எங்கருவாடு போச்சு!"

"நான் மீனே வைக்கல்லியே பிள்ளே!"

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து பொங்கிவிட்டது. கண்ட்ரோலரை ஓங்கிப் பிடித்துக்கொண்டு, கடல்மேல் நிற்கிற அந்தக் குதிரையைப் பார்த்துக் கத்தினேன்.

"எட்டி லைலா! எவட்டி நீ? வெல்வெட்டாம் வெல்வெட்டு! அடுத்தவ புருஷனுக்குக் குதிர குடுக்கியே, வெக்கமா இல்ல? ஒனக்குன்னு ஒருத்தன் கெடைக்கல? வாரக்கணக்கா புல்லு அறுத்து வாங்குன எங்குதிர செத்துப் போச்சு, ஒங்குதிர தண்ணில நடக்கு! காசு இருக்க திமிருல்லா! தைரியம் இருந்தா நேருல வாட்டி. ஊசி போடுத கையி இது, எங்க குத்தணும்னு எனக்குத் தெரியும்! இதுக்கெல்லாம் அந்த ஃபோர்மேன் கெழவந்தான் தூது. மயில்கழுத்துச் சால்வையும் அவரு மூஞ்சியும்! கிறிஸ்துமஸுக்கு லீவு குடுக்க மட்டும் கையி வராது. அந்த லைலா கையெழுத்துக் கேட்டா ஓடி ஓடிப் போடுவாரு..."

கிரேஸ் அக்கா என் தோளைத் தட்டினாள். திரும்பவில்லை. மறுபடி தட்டி, டிவியைக் காட்டினாள். திரையின் மூலையில் ஒரு சின்ன மைக் படம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு ராஜாவின் பெயர் பக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி. யாரும் ஹெட்செட்டை அணைக்கவே இல்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பிரியாணியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு தட்டில் ஸ்பூன் மெல்ல வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"வணக்கம்மா. நான் ராஜமாணிக்கம் பேசறேன்."

நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

"அந்த லைலா வேற யாரும் இல்லம்மா. நீங்கதான்."

"யாரு?"

"நீங்கம்மா. கேம்குள்ள உங்க பேரு ஸ்டெல்லாம்மா. ஆனா உங்க அக்கவுண்ட்டு பேரு வெல்வெட் லைலா. எங்க லிஸ்ட்ல ஆரம்பத்துலேர்ந்து அப்படித்தாம்மா இருக்கு. பரிசு குடுத்தா அந்தப் பேருதான் வரும். நாங்க என்னமோ உங்களுக்கு அந்தப் பேரு ரொம்பப் புடிக்கும்னு நெனச்சோம்."

பஜார், மொபைல் கடை, பாய், குச் பீ டாலோ. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்முன் ஓடியது. குதிரை வந்த வாரம், பாய் அன்று கேமில் ஏற்றிவைத்த கார்டில் காசு போனதாக ஒரு மெசேஜ் வந்ததே, ஏதோ சந்தா என்று நினைத்து அழித்தேனே! டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் விளம்பரத்தை விரட்டுகிறேன் என்று பட்டனைத் தடதடவென அமுக்கியதில், 'உங்கள் நண்பருக்குப் பரிசளிக்கவா' என்று அவன் கேட்டதற்கெல்லாம் நான் ஆமாம், ஆமாம், ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். என் காசில், நான் வாங்கி, நான் கொடுத்த குதிரையைத்தான் நான் முக்கப் பார்த்தேன். எனக்கு அந்தச் சோபாவுக்குள்ளேயே புதைந்துவிடலாம்போல இருந்தது.

முத்துப்பாண்டிக்கு முதலில் சிரிப்பு வெடித்தது. பிறகு எல்லாருக்கும். பிரியாணி புரையேறி யாரோ இருமினார்கள், அது கருவாடு இருமியது போலவே இருந்தது. என் ஹெட்செட்டில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த கிரேஸ் அக்கா சிரித்துச் சிரித்துக் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்வின் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நீ வேணும்னு குடுக்கலியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் என் வீறாப்பெல்லாம் இறங்கிவிட்டது. இந்த மனுஷன் இத்தனை நாளும் பாடியதும் கொஞ்சியதும், என் பெண்டாட்டி சத்தியத்தையே மீறி எனக்கு ஒரு குதிரை வாங்கிக் கொடுத்தாள் என்றுதான். நான் தெரியாததுபோல் விளையாடுகிறேன் என்று நினைத்து, அவரும் சேர்ந்து விளையாடியிருக்கிறார். வேண்டுமென்றுதான் கொடுத்தேன் என்று பொய் சொல்ல வாய் திறந்தேன். ஆனால் நான் கத்தியதை ஒரு கேம்ப்பே கேட்டிருக்கிறது.

"தெரியாமத்தாங்க அமுக்கிட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சரி, தெரியாம அமுக்குன. எம்பேரு எப்படி அதுல வந்துச்சு?"

"லிஸ்ட்ல மொத ஆளு நீங்கதான். ஒங்க பேருக்கு மட்டுந்தான் நான் நட்சத்திரம் போட்டு வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தார். அதே குழைந்த சிரிப்பு. இந்தத் தடவை எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் என் பயம் வேறு. கெழவன் என்று சொல்லியிருக்கிறேன். மூஞ்சி என்று சொல்லியிருக்கிறேன். லீவுப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டிய மனிதரை! "சார், மன்னிச்சிருங்க சார், வாயில வந்ததப் பேசிட்டேன்" என்று கெஞ்சினேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார் ராஜமாணிக்கம் சார். பிறகு செல்வின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். "யோவ், நாளைக்கே வந்து உன் லீவ வாங்கிக்கய்யா. ஒரு வாரம் சேத்தே போட்டுத் தர்றேன். நீ போகலேன்னா அந்தம்மா யான்புக்கே ஊசியோட வந்துரும்." சற்று நிறுத்தி, "சால்வையைப் பத்தி மட்டும் அப்படிச் சொல்லியிருக்க வேணாம்மா" என்றார். அதில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் டியூட்டி முடிந்து கீழே வருகிறேன். வரிசையில் நிற்கிற கார்களில் ஒரு வெள்ளை வாடகைக் காரில் சாய்ந்து, கையில் இரண்டு கரக் சாயாவோடு செல்வின் நின்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்களை நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். காரில் ஏறிக் கதவை வேண்டுமென்றே இரண்டு தடவை 'டப்' என்று சாத்தினேன். (மனசாட்சியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான்.) வெளியே கிரேஸ் அக்கா ஊருக்கே கேட்கிற மாதிரி, "லைலா! உனக்க வெள்ளக்குதிர வந்தாச்சு!" என்றாள்.

இப்போது அவர் இங்கேயே ஒரு செராமிக் ஃபாக்டரியில் வேலைக்கு வந்துவிட்டார். பஸ்ஸும் போயிற்று, ஜன்னலோரமும் போயிற்று. ஆனால் லைலா மட்டும் போகவில்லை. சாம்பாரில் உப்புக் குறைந்தால், "லைலா வச்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்கிறார். பிறந்தநாள் வந்தால், "லைலா ஏதும் அனுப்பலியா?" என்று வாசலை எட்டிப்பார்க்கிறார். எங்கள் மாமியார் ஒருநாள் போனில் என்னைத் தனியாக அழைத்து, "யாரும்மா அது லைலா? எங்கிட்ட சொல்லு, நான் கண்டிக்கேன்" என்றார். எக்ஸ்ரே லைலா ரிட்டையர் ஆகிற அன்று நானே போய் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தேன். எதற்கு என்று அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அவள்மேல் இன்னும் கொஞ்சம் பொறாமை உண்டு. ஸ்டெல்லாவாக இருந்து நான் அவருக்குக் கொடுத்ததெல்லாம் கொள்கையும் கணக்கும்தான். அவள் யோசிக்காமல் ஒரு குதிரையைக் கொடுத்துவிட்டாள். அதனால் போன கல்யாண நாளுக்கு என் சத்தியத்தை நானே தெரிந்தே, கண்ணை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வரியையும் படித்து மீறினேன். மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீண்ட சால்வை. காற்றடித்தால் பறக்கும். அனுப்பிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் படித்தார், சிரித்தார். "வெல்வெட் லைலா குடுத்திருக்கா. பாத்தியா, அவளுக்குத்தான் எம்மேல அக்கற" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நிமிஷமே அக்கவுண்ட் பெயரை ஸ்டெல்லா என்று மாற்றிவிடலாம் என்று உள்ளே போனேன். பெயர் மாற்றத் தனியாகக் காசு கேட்கிறான். அதற்கு மட்டும் நான் கட்டவே மாட்டேன். அவளே இருந்துவிட்டுப் போகட்டும்.